மொட்டை மாடியில் நின்று பார்க்கலாம் விண்வெளி நிலையத்தை... குடும்பத்தோடு பார்க்க இன்னும் எத்தனை ஆண்டுகள்? எப்போது, எப்படிப் பார்ப்பது?

மாலை ஏழு மணி. மொட்டை மாடியில் பாய் விரித்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. "அதோ பாருப்பா!" என்று குழந்தை கை நீட்ட, "அது பிளேன்டா கண்ணா" என்கிறார் அப்பா. பிளேன் என்றால் விளக்கு மின்ன வேண்டும், சத்தம் வர வேண்டும். இதில் இரண்டும் இல்லை. வெள்ளியைப் போன்ற பிரகாசத்துடன் ஒரு புள்ளி, நிதானமாக வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது. குழந்தை சொன்னதுதான் சரி. அது சர்வதேச விண்வெளி நிலையம், அதாவது ஐஎஸ்எஸ். அதற்குள் வழக்கமாக ஏழு பேர் இருப்பார்கள்.

விண்வெளி ஆர்வத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒட்டவைக்க இதைவிட எளிய வழி இல்லை. டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம், பைசா செலவு இல்லை. ஆசையாக வாங்கிய மலிவு விலை டெலஸ்கோப்புகள் பல வீடுகளில் இரண்டே வாரத்தில் பரணுக்குப் போய்விடுகின்றன. ஐஎஸ்எஸ் அப்படி இல்லை. நான்கு வயது பேத்தியும் எழுபது வயது தாத்தாவும் ஒரே நேரத்தில் வெறும் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு கெடு இருக்கிறது. தற்போதைய திட்டப்படி ஐஎஸ்எஸ் 2030 வரைதான் இயங்கும். அதன் பிறகு அது கடலில் இறக்கப்படும். இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்குள் இந்தப் புள்ளி வானத்தில் இருக்காது.

இருட்டில் அது மட்டும் எப்படி மின்னுகிறது?

ஐஎஸ்எஸ்ஸில் இருந்து வரும் வெளிச்சம் அதன் சொந்த வெளிச்சம் அல்ல. அந்தி நேரத்தில் தெருவில் இருட்டு விழுந்த பிறகும் கோயில் கோபுரக் கலசத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் இல்லையா? அதே கதைதான். ஐஎஸ்எஸ் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. நமக்கு சூரியன் மறைந்த பிறகும் அந்த உயரத்துக்கு வெயில் கிடைக்கிறது. சுமார் 109 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும் அதன் சோலார் பேனல்களிலும் உடலிலும் அந்த வெயில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது.

அதனால்தான் நள்ளிரவில் நம் ஊரிலிருந்து அதைப் பார்க்க முடியாது. சூரியன் மறைந்த பின் ஒன்றிரண்டு மணி நேரம், உதிப்பதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம், அவ்வளவுதான். சில சமயம் நடு வானத்திலேயே புள்ளி மங்கி, சட்டென்று காணாமல் போகும். "எங்கே போச்சு?" என்று குழந்தைகள் பதறுவார்கள். எங்கேயும் போகவில்லை, பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. அந்த நிமிடம் அங்கே இருப்பவர்களுக்கு சூரிய அஸ்தமனம். ஒரு நாளைக்கு பூமியை சுமார் 16 முறை சுற்றுவதால், தினமும் 16 அஸ்தமனம் பார்க்கிறார்கள்.

வேகத்தைப் புரியவைக்க ஒரு கணக்கு. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் இரவு முழுக்க ஓடுகிறது. மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் போகும் ஐஎஸ்எஸ்ஸுக்கு அந்த தூரம் ஒன்றரை நிமிடம். சென்னை வானத்தில் அது தென்மேற்கில் தோன்றும்போது ஏறக்குறைய மாலத்தீவுக்கு மேலே இருக்கும். தலைக்கு மேல் வந்து வடகிழக்கு அடிவானத்தை எட்டும்போது வங்கதேசக் கடற்கரைப் பக்கம் போயிருக்கும். இத்தனைக்கும் ஆறு நிமிடம்தான். மேப்பை விரித்து வைத்து இதைக் காட்டினால், புவியியல் பாடம் பிடிக்காத பிள்ளைகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

எந்த நேரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' என்ற இலவச ஆப் இருக்கிறது. உங்கள் ஊரைக் கொடுத்தால் தேதி, நேரம், எந்தத் திசையில் தோன்றும், எந்தத் திசையில் மறையும், அதிகபட்சம் எவ்வளவு உயரம் என்று காட்டும். கவனிக்க வேண்டியது அந்த உயரத்தைத்தான். அது டிகிரியில் இருக்கும். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால், முஷ்டியின் அளவு சுமார் 10 டிகிரி. 20 டிகிரிக்குக் கீழே என்றால் அபார்ட்மென்டும் தென்னை மரமும் மறைத்துவிடும், அந்த நாளை விட்டுவிடலாம். 40-க்கு மேல் என்றால் தைரியமாகக் குடும்பத்தை மாடிக்குக் கூப்பிடலாம்.

எல்லா நாளும் தெரியாது. சில நாட்கள் தொடர்ந்து மாலையில் வரும், பிறகு கொஞ்ச நாள் இருக்காது, அப்புறம் அதிகாலையில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம் ஏமாற்றும். பொங்கலுக்குப் பிறகு கோடை வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முதல் தடவையே மேகம் மறைத்துவிட்டால் பிள்ளைகள் முகம் வாடிப்போகும், அதற்கும் தயாராக இருப்பது நல்லது.

மூட்டு வலி உள்ள பாட்டியை மாடிப்படி ஏறச் சொல்ல வேண்டியதில்லை. திசை மட்டும் சரியாக அமைந்தால் வாசலோ பால்கனியோ போதும். மாடிக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பது குழந்தைகளின் பழக்கம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால், பாயில் உட்கார வைத்துவிட வேண்டும்.

தாத்தாவுக்குத் தெரிந்த கதை

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களுக்கு வேலை வருகிறது. 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் கட்டுப்பாடு இல்லாமல் பூமியை நோக்கி வந்தபோது, அது தலையில் விழுந்துவிடும் என்ற பயம் இந்தியா முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்களிடம் "ஸ்கைலேப்" என்று சொல்லிப் பாருங்கள், கதை தானாக வரும். கடைசியில் ஜூலை 11-ம் தேதி இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டுகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. குப்பை போட்டதற்காக அங்குள்ள எஸ்பெரன்ஸ் என்ற ஊர் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது.

1984-ல் ராகேஷ் சர்மா சோவியத் யூனியனின் சல்யூட் 7 நிலையத்துக்குப் போனதை அம்மாவோ சித்தப்பாவோ பள்ளியில் படித்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு 2025 நினைவிருக்கும். அந்த ஜூன் மாதம் சுபான்ஷு சுக்லா ஐஎஸ்எஸ்ஸுக்குள் போன முதல் இந்தியர் ஆனார். அங்கிருந்தபடியே ஹாம் ரேடியோவில் நம் பள்ளி மாணவர்களோடு பேசினார்.

ஐஎஸ்எஸ்ஸும் அப்படித் தலையில் விழுமா?

ஸ்கைலேப் சுமார் 77 டன். ஐஎஸ்எஸ் 400 டன்னுக்கு மேல். இதைத் தானாக விழ விட முடியாது. அதனால் அதைத் தள்ளி இறக்குவதற்கென்றே தனி விண்கலம் கட்டும் பொறுப்பை 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு நாசா கொடுத்தது. வீரர்கள் வெளியேறிய பிறகு, அந்தக் கலம் நிலையத்தை ஆள் நடமாட்டமே இல்லாத கடல் பகுதியை நோக்கித் தள்ளும். பெரும்பகுதி காற்றில் உரசி எரிந்துவிடும், மிச்சம் கடலில் விழும். 2001 மார்ச்சில் ரஷ்யாவின் மிர் நிலையம் தென் பசிபிக்கில் இப்படித்தான் இறக்கப்பட்டது.

"பாவம், ஏன் அதை அப்படியே மேலேயே விடக்கூடாது?" என்று பிள்ளைகள் கேட்டால், கேள்வி நியாயமானதுதான். முதல் பகுதி ஏவப்பட்டது 1998 நவம்பரில். உலோகம் வயதாகிறது, ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவு பல ஆண்டுகளாகத் தொல்லை கொடுக்கிறது. 400 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்று இருப்பதால் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தூக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் இன்னொரு ஸ்கைலேப்தான்.

அதன் பிறகு வானம் காலியாகிவிடாது. சீனாவின் தியான்கொங் நிலையம் இப்போதே நம் ஊர் வானத்தைக் கடக்கிறது. ஐஎஸ்எஸ் அளவுக்குப் பெரியதல்ல, வெளிச்சமும் குறைவு, ஆனாலும் வெறும் கண்ணுக்குத் தெரியும். 2035-க்குள் இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையத்தை அமைப்பது இஸ்ரோவின் இலக்கு. இப்போது மாடியில் பாய் விரித்துக் காத்திருக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை அப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதை நெருங்கியிருக்கும்.