பார்வை மங்கும் பிள்ளையிடம் என்ன கேட்கிறோம்?



பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது நடந்தது இது. பாஸ்கா திருவிழிப்பு இரவு. கோவில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே புதுத்தீயை மந்திரித்து, பாஸ்காத் திரியோடு உள்ளே வருகிறோம். தூபக்கலசம் ஏந்தி வந்த பத்து வயதுப் பீடச்சிறுவன் வாசற்படியில் தடுக்கி விழுந்தான். தணல் கம்பளத்தில் சிதறியது. வழிபாடு முடிந்ததும் அவனை அழைத்து, "பராக்குப் பார்த்துக்கொண்டா நடப்பாய்?" என்று கடிந்துகொண்டோம். அவன் பதில் சொல்லவில்லை. தலை குனிந்து நின்றான்.

பள்ளியிலும் அவனுக்கு அதே பெயர்தான், கவனமில்லாதவன் என்று. பொழுது சாய்ந்தபின் கடைக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி என்பான். சோம்பேறி என்றார்கள். ஒருநாள் மின்வெட்டின்போது வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி அவன் நடப்பதைத் தாய் பார்த்துவிட்டார். அதன் பிறகுதான் கண் மருத்துவரிடம் போனார்கள். அவர் சொன்ன நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா.

நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. ஒரு வகை மங்கலான வெளிச்சத்திலும் ஓரங்களிலும் பார்ப்பதற்கு, மற்றது பகல் வெளிச்சத்தில் எழுத்தையும் நிறத்தையும் பார்ப்பதற்கு. இந்நோயில் பெரும்பாலும் முதல்வகைதான் முதலில் அழிகிறது. ஆகவே இரவுப் பார்வை போகிறது, பிறகு பக்கப் பார்வை சுருங்குகிறது. குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் பல ஆண்டுகள் தங்கலாம். அதனால்தான் கரும்பலகையைப் படிக்கிற பிள்ளை காலடியில் இருக்கும் குடத்தில் இடறுகிறது. "எழுத்து தெரிகிறது, குடம் தெரியவில்லையா?" என்று நாம் அடிக்கிறோம்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை? இருட்டில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று முதலில் நினைத்துக்கொள்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு வேறு கண் ஏது? கொஞ்சம் விவரம் தெரிந்தபின் பயம் வந்துவிடுகிறது. சொன்னால் விளையாட்டும் சைக்கிளும் பீடப்பணியும் போய்விடும் என்ற பயம்.

மாலைக்கண் என்றாலே முருங்கைக்கீரை கொடு என்போம். தவறில்லை. வைட்டமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண் காலத்தோடு மருத்துவம் செய்தால் தீரும். 5 வயது வரை பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுப்பதும் இதற்காகத்தான். ஆனால் பரம்பரையாக வரும் விழித்திரை நோய்க்குக் கீரை மருந்தாகாது. எது எதுவென்று அறிய, கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் மருத்துவர் வேண்டும். கீரை கொடுத்துக்கொண்டே இரண்டு வருடம் காத்திருப்பது கூடாது.

அந்தச் சிறுவனின் பெற்றோர் அத்தை மகள், மாமன் மகன். இப்படிப்பட்ட திருமணங்களுக்கு எத்தனை விதிவிலக்கு விண்ணப்பங்களை நாமே எழுதி ஆயர் இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறோம்! திருச்சபைச் சட்டம் 1091, பக்கவழி உறவில் நான்காம் படிவரை திருமணம் செல்லாது என்கிறது. அத்தை, மாமன் பிள்ளைகள் அந்த நான்காம் படியில் வருகிறார்கள். நாம் அதை ஒரு படிவமாக மட்டும் நடத்திவிட்டோம். பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவருக்குப் பல நேரம் எந்தக் குறையும் தெரியாது. அதே பழுதைத் தாயும் தந்தையும் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. சொந்தத்துக்குள் மணந்தால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்க வாய்ப்பு அதிகம். சொந்தத்தில் மணக்காத குடும்பங்களிலும் இந்நோய் வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். இதைச் சொல்வது யார்மீதும் பழி போட அல்ல. பிறவிப் பார்வையற்றவரைக் கண்டு, இவர் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். திருமணப் பேச்சு தொடங்கும்போதே யோசிக்கவே இதைச் சொல்கிறோம். ஓலை வாசிக்கிற வாரத்தில் அல்ல.

மாற்கு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்ப் பார்வையற்றவரைப் பாருங்கள். இயேசு அவரைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கைகளை வைத்தபின், கண்ணுக்கு எதுவும் படுகிறதா என்று அவரிடமே விசாரிக்கிறார். அவரும் ஆண்டவரை மகிழ்விக்க ‘எல்லாம் தெளிவு’ என்று சொல்லிவிடவில்லை. மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போல் இருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னார். மறுபடியும் கை வைத்தபின் தெளிவாகப் பார்த்தார். அரைகுறைப் பார்வையைத் தயங்காமல் சொல்ல அவருக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? கேட்டவர் அவர் கையைப் பிடித்தபடி நடந்து வந்தவர் அல்லவா! நாமோ சக்ரீஸ்தில் நின்றுகொண்டு அதட்டினோம்.

பிரான்சு நாட்டில் குப்ரே என்ற ஊரில் நம்மைப்போல் ஒரு கிராமத்துப் பங்குத்தந்தை இருந்தார், ஜாக் பல்லுய் என்பவர். சேணம் தைப்பவரின் மகன் ஒருவன் 1812இல், 3 வயதில், தந்தையின் கருவியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டான். சீழ் மறு கண்ணுக்கும் பரவி, 5 வயதுக்குள் பார்வை முழுதும் போயிற்று. பல்லுய் அடிகளார் அவனுக்குத் தாமே பாடம் சொல்லித் தந்தார். ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அவன் உட்கார வழி செய்தார். 1819இல் பாரிசு பார்வையற்றோர் பள்ளிக்கு அவன் சென்றான். 15 வயதில் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கினான். இன்று தமிழிலும் விரலால் படிக்கப்படும் பிரெயில் எழுத்து அந்த லூயி பிரெயில் தந்ததுதான்.

பார்வை மங்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் வெளிச்சம் மீதியிருக்கும்போதே பிரெயிலும் வெள்ளைக் கோல் பிடித்து நடப்பதும் பழக்கலாம். 40 விழுக்காடு குறைபாடு என்று மருத்துவச் சான்று கிடைத்தால் அடையாள அட்டை உண்டு. தேர்வில் கூடுதல் நேரமும், எழுதித் தர ஒருவரையும் கேட்கலாம். அரியலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. போகத் தயங்குபவர்கள் சொல்லுங்கள், கூட வருகிறோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் நம் ரெட்டிபாளையம் சாலையில் அந்தி நேரத்தில் இடறுகிற பிள்ளையை, தயவுசெய்து, திட்டுவதற்குமுன் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

அந்தச் சிறுவனிடம் நாம் பிறகு மன்னிப்புக் கேட்டோம். இனித் தூபம் வேண்டாம், உட்கார்ந்து மணி மட்டும் அடி என்றோம். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "தூபம் எனக்கே வேணும் சாமி. வாசல்லேருந்து பீடம் வரைக்கும் எத்தனை எட்டுன்னு எண்ணி வச்சிருக்கேன்" என்றான். மறு ஆண்டு பாஸ்கா இரவில் அவனே தூபக்கலசம் ஏந்தினான், கூட வந்த சிறுவனின் முழங்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.