குடலில் குடியிருப்போர் – 14: புளியங்கொட்டைக் கணக்கு

மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றில் இருபது புளியங்கொட்டைகள். ஒரு சுற்று நடந்து முடித்ததும் ஒரு கொட்டை இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு மாறும். இருபதும் மாறிவிட்டால் அன்றைய காலை நடை முடிந்தது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பும் இருமல் மருந்து பாட்டிலின் மூடியும் இருக்கும். அந்த மூடியில்தான் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார். மடக்கென்று குடிக்க முடியாது. அவருடைய இரைப்பையில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு கோழிமுட்டையளவு இடம்தான்.

தையல்கடை வைத்திருக்கும் அந்த அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினோரு வருடச் சர்க்கரை. இரவில் படுக்க முடியாத நெஞ்செரிச்சல். ஐந்து மாதங்களுக்கு முன் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதலில் மருத்துவர் ‘ஸ்லீவ்’, ‘பைபாஸ்’ என்று இரண்டு வகை சொன்னபோது, “ஸ்லீவுன்னா ரவிக்கைக்குக் கை வெட்டுற மாதிரியா டாக்டர்?” என்று கேட்டாராம். கிட்டத்தட்ட அதேதான். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒல்லியான குழாயாக விட்டுவிடுவார்கள். ஆனால் நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதை இன்னும் கூட்டிவிடலாம் என்பதால் இவருக்கு பைபாஸ் செய்தார்கள். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இருதய ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன வாரம் நான் மாடிக்குப் போனபோது அக்கா கேட்ட கேள்விதான் இந்த அத்தியாயம்.

“எடைதான் அதுபாட்டுக்குக் குறைஞ்சுதே தம்பி. அப்புறம் எதுக்கு இந்த நடை?”

அறுவை செய்துகொண்டவர்கள் பலருக்குள்ளும் இந்தக் கேள்வி இருக்கிறது. முதல் ஆறு மாதம் எடை மெஷின் பெரும்பாலும் நல்ல செய்தி சொல்கிறது. நடந்தாலும் சொல்கிறது, நடக்காவிட்டாலும் சொல்கிறது. அதனால்தான் நடை முதலில் நின்றுபோகிறது.

பதிலுக்கு முன், உள்ளே என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். இந்த பைபாஸின் முழுப் பெயரில் ‘ரூ’ என்று ஒரு சொல் வரும். லோசான் நகரத்தில் வாழ்ந்த சீசர் ரூ என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. குடலை ஆங்கில ‘ஒய்’ எழுத்துப்போல இணைக்கும் அவருடைய முறையை எடை குறைப்புக்கு இன்று பயன்படுத்துகிறார்கள். இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தொடாமல் கீழே போய்விடும். பித்தநீரும் கணையநீரும் தனி வழியாக வந்து, தாமதமாகத்தான் சாப்பாட்டைச் சந்திக்கும்.

வீட்டை இப்படி இடித்துக் கட்டினால் குடித்தனக்காரர்கள் மட்டும் அப்படியே இருப்பார்களா? நம் வாயில் வாழும் பாக்டீரியாக்கள் எச்சிலோடு தினமும் வயிற்றுக்குள் இறங்குகின்றன. வழக்கமாக இரைப்பை அமிலம் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். புதிய சிறு பையில் அமிலம் மிகக் குறைவு. போதாததற்கு, அறுவைக்குப் பின் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சில மாதங்களுக்குத் தருவார்கள். வாயிலிருந்து வருகிறவர்கள் உயிரோடு குடல்வரை போய்ச் சேருகிறார்கள். டென்மார்க்கில் பைபாஸ் செய்துகொண்ட 13 பேரின் மலத்தை அறுவைக்கு முன்பும், மூன்று மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்திலேயே 31 வகைப் பாக்டீரியாக்களின் அளவு மாறியிருந்தது. மொத்தத்தில் வகைகள் பெருகியிருந்தன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெயிலோனெல்லா போன்ற வாய்வாசிகள் கூடியிருந்தார்கள். வெயிலோனெல்லா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது வேறோர் ஊரில் ஓடிவரும்.

இந்த மாற்றம் எடை குறைந்ததன் விளைவா, எடை குறைவதற்கே அதுவும் ஒரு காரணமா? 2013இல் பாஸ்டன் நகரத்தில் லீ கப்லான், பீட்டர் டர்ன்பா ஆகியோரின் குழுவினர் சுண்டெலிகளை வைத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். சில எலிகளுக்கு பைபாஸ் செய்தார்கள். சிலவற்றுக்கு வயிற்றைத் திறந்து, வழியை மாற்றாமல் தைத்து மூடினார்கள். இந்த இரண்டாம் வகையில் சிலவற்றுக்குச் சாப்பாட்டைக் குறைத்து, பைபாஸ் எலிகளின் எடைக்கே கொண்டுவந்தார்கள். பிறகு இந்த எலிகளின் குடல் பாக்டீரியாக்களை, பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த வேறு எலிகளுக்குள் செலுத்தினார்கள். பைபாஸ் எலியின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகள், கத்தியே படாமல் எடை குறைந்தன. அறுவை செய்த எலிகள் இழந்த அளவுக்கு இல்லை, அதில் ஒரு பங்குதான். ஆனால் பட்டினியால் இளைத்த எலிகளின் பாக்டீரியாவால் அதுகூட முடியவில்லை.

மனிதர்களிடம்? ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் பிரெட்ரிக் பேக்ஹெட் குழுவினர், அறுவை முடிந்து ஒன்பது வருடத்துக்கும் மேலான 14 பெண்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். அத்தனை வருடம் கழித்தும் மாற்றம் அழியவில்லை. அவர்களின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளின் உடம்பில், அறுவை செய்துகொள்ளாத பருமனான பெண்களின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளைவிடக் குறைவாகவே கொழுப்பு சேர்ந்தது.

இதுவரை படித்தவர்களுக்கு அக்காவின் கேள்வி இன்னும் நியாயமாகப்படும். எடையைக் கத்தி குறைத்துவிடுகிறது, பாக்டீரியாவையும் கத்தியே மாற்றிவிடுகிறது என்றால், இருபது புளியங்கொட்டைக்கு அங்கே என்ன வேலை?

அந்த டேனிஷ் ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. ஃபீக்கலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்ஸி என்ற பாக்டீரியா அறுவைக்குப் பின் குறைந்திருந்தது. நார்ச்சத்தை நொதிக்கவைத்து ‘பியூட்டிரேட்’ என்ற அமிலத்தைத் தயாரிப்பவர்களில் முக்கியமானவர் இவர். பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கை இந்த பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. முட்டையளவு வயிற்றில் முதலில் புரதத்தைப் போட வேண்டும். அதற்குமேல் கீரைக்கும் காய்க்கும் இடம் இருந்தால் உண்டு. நார்ச்சத்து குறைந்தால் அதை நம்பிப் பிழைப்பவர்களும் இளைக்கத்தான் செய்வார்கள். வாயிலிருந்து வந்த புதியவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஆக, அறுவை செய்துகொண்டவரின் குடலில் சில வகைகளில் வரவு, சில வகைகளில் செலவு. செலவான இடத்தில்தான் நடைக்கு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஆலன், ஜெஃப்ரி வுட்ஸ் குழுவினர் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் தொடரில் எப்போது சொல்வது என்று காத்திருந்தேன். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 32 பேர். அவர்களில் 18 பேர் ஒல்லி, 14 பேர் பருமன். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணியில் தொடங்கி ஒரு மணி நேரம்வரை பயிற்சி. சாப்பாட்டை மாற்றக் கூடாது. ஆறு வார முடிவில் பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் கூடின, ஒல்லியானவர்களின் மலத்தில் பியூட்டிரேட்டும் கூடியது. பருமனானவர்களிடம் இந்த ஏற்றம் அவ்வளவாக இல்லை. சாப்பாட்டை மாற்றாமல், உடம்பை அசைத்ததாலேயே இது நடந்தது.

அடுத்த ஆறு வாரம் பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள். கூடியதில் பெரும்பகுதி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது இந்த இரண்டாவது பாதிதான். கத்தி ஒருமுறை செய்த மாற்றம் ஒன்பது வருடம் நிற்கிறது. நடை செய்யும் மாற்றம் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. அது மாதச் சம்பளம் மாதிரி. வேலைக்குப் போனால் வரும், நின்றால் நின்றுவிடும். “ஆறு மாதம் நன்றாக நடந்தேன் சார், எடை குறைந்ததும் விட்டுவிட்டேன்” என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. விடக்கூடாத நேரத்தில் விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த ஒரே கருவி எடை மெஷின். அதில் நடை தெரியாது.

தெரியாது என்பதற்கும் ஆதாரம் உண்டு. பைபாஸ் செய்துகொண்ட 128 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் உடற்பயிற்சியும் மற்றவர்களுக்கு ஆரோக்கிய வகுப்பும் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2015இல் வெளிவந்தது. இரு சாராருக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் பயிற்சி செய்தவர்களின் உடம்பு இன்சுலினுக்குக் கூடுதலாகக் கீழ்ப்படிந்தது. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து, வாரம் மூன்று நாள் என்று ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் விஷயத்தில் அதே நன்மை. கூடவே தசைவலு கூடியது, அறுவைக்குப் பின் வழக்கமாக ஏற்படும் எலும்புத் தேய்வும் மட்டுப்பட்டது. வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்துதான் கரைகிறது. மெஷினில் இரண்டும் ஒரே கிலோதான். சர்க்கரை நோயாளிக்கு இரண்டும் ஒன்றல்ல. ரத்தத்துச் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் பெரிய இடமே தசைதான்.

இனி வெயிலோனெல்லா. மறுபடியும் பாஸ்டன். 2015ஆம் வருட பாஸ்டன் மாரத்தானுக்கு முன்பும் பின்பும் ஓட்டக்காரர்கள் 15 பேரிடமும் ஓடாத 10 பேரிடமும் தினமும் மல மாதிரி சேகரித்தார்கள். ஓடி முடித்தவர்களின் குடலில் வெயிலோனெல்லா கூடியிருந்தது. அதில் ஒரு வகையை ஓர் ஓட்டக்காரரிடமிருந்து பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்தபோது அவை 13 சதவிகிதம் கூடுதல் நேரம் ஓடின. 2019இல் வெளியான அந்த ஆய்வு சொல்லும் காரணம் அழகானது. உழைக்கும் தசை லாக்டேட்டை வெளியிடுகிறது. ரத்தத்தோடு சுற்றும் லாக்டேட்டில் கொஞ்சம் குடலுக்குள் கசிகிறது. வெயிலோனெல்லாவுக்கு லாக்டேட்தான் சாப்பாடு. தின்றுவிட்டு அது ‘புரோப்பியோனேட்’ என்ற அமிலத்தைத் தருகிறது. அந்த அமிலத்தை மட்டும் எலியின் பெருங்குடலில் செலுத்தியபோதும் எலி கூடுதல் நேரம் ஓடியது. தசை போட்ட சோற்றுக்குக் குடல் நன்றி காட்டுகிறது.

மாரத்தான் ஓடுபவருக்கும் பைபாஸ் செய்துகொண்ட தையல்கார அக்காவுக்கும் குடலில் ஒரே விருந்தாளி. ஓடுபவரின் தசை அதற்குத் தினமும் சோறு போடுகிறது. அக்காவின் தசையும் போட வேண்டுமானால் அக்கா எழுந்து நடக்க வேண்டும். நடந்தால் அக்காவுக்கும் அதே 13 சதவிகிதம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அது எலியில் கண்டது. ஆனால் விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்ட வீட்டில் அடுப்பை மூட்டாமல் இருப்பானேன்?

அக்கா இதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். ‘நல்ல பாக்டீரியா’ பவுடர். ஒரு மாதத்துக்கானது, அவர் பத்து ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கும் விலை. யாரோ போனில் பேசி விற்றிருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்குக் கோபமே வந்தது. அறுவைக்குக் கடன் வாங்கிய குடும்பம் அது. அந்தக் காசுக்கு முட்டையும் பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் ஒரு மாதம் முழுக்க வாங்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் டப்பாவைக் காட்டிக் கேட்டுவிட்டு மேற்கொண்டு வாங்குங்கள் என்றேன்.

நடையிலும் அவசரம் கூடாது. அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ வார்டிலேயே நடக்கவைத்துவிடுவார்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. முதல் சில வாரங்களுக்கு நடை மட்டும்தான். தண்ணீர்க் குடம் தூக்குவது, மிஷினை நகர்த்துவது எல்லாம் மருத்துவர் சொன்ன பிறகே. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். தெம்புக்கு என்று சர்க்கரை போட்ட ஜூஸைக் குடிக்கவே கூடாது. பைபாஸ் ஆனவர்களுக்கு அது சட்டென்று குடலில் இறங்கி, நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டும். மூன்று மாதத்துக்குமேல், மருத்துவர் அனுமதித்தால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மேலே தூக்குவது என்று தசைக்கான பயிற்சியும் சேர வேண்டும்.

“மெஷின்ல மூணு வாரமா அசையவே இல்ல தம்பி” என்றார் அக்கா. எடை சில வாரம் அப்படியே நிற்பது எல்லாருக்கும் வரும். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உங்கள் இஞ்ச் டேப்பை எடுங்கள் என்றேன். சிரித்தார். ஏற்கெனவே எடுத்திருந்தார். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில் கடைசிப் பக்கம் அவருடையது. தேதி போட்டு இடுப்பு, மேற்கை, தொடை. மூன்று வாரத்தில் இடுப்பு ஒன்றேகால் அங்குலம் குறைந்திருந்தது. பக்கத்தில் பென்சிலால் இன்னொரு கட்டம் போட்டு, அதற்குத் தலைப்பாகக் ‘கொட்டை’ என்று எழுதியிருந்தார். முதல் வாரம் 6. இந்த வாரம் 20.