வெட்டினால் பெருகும் மஞ்சள் கொன்றை: அந்நியத் தாவரங்களை அகற்றும் ஒப்பந்தப் பணிக்குப் பயிற்சி ஏன் தேவை?

கொச்சி: வயநாடு காடுகளில் பரவியுள்ள சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மஞ்சள் கொன்றையை வெட்டிச் சாய்த்தால், அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் ஒருசேரத் துளிர்த்து எழுகின்றன. ஒற்றை மரம் நின்ற இடத்தில் புதர் மண்டிவிடுகிறது. ஆகவே, இம்மரத்தை ஒழிப்பதற்கு ஒப்பந்தக்காரர்களை அமர்த்துவது வழக்கமான மரம் வெட்டும் ஏலத்தைப் போன்றதன்று.

அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இம்மரம், 1980களில் சமூகக் காடு வளர்ப்பின்போது நிழலுக்காகவும் அழகுக்காகவும் வயநாட்டில் நடப்பட்டது. இன்று 344 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வயநாடு வனவிலங்குச் சரணாலயத்தின் கணிசமான பகுதியில் அது வேரூன்றியுள்ளது. அதன் அடியில் புல் வளர்வதில்லை. இதனால் மானும் யானையும் காட்டுக்குள் இரையை இழக்கின்றன. அந்த இழப்பின் சுமை காட்டோரத்து விவசாயிகள் மீது விழுகிறது.

பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைப்பது பட்டை உரிக்கும் முறையாகும். மார்பு உயரத்திலிருந்து தரை வரை பட்டையைச் சுற்றிலும் முழுமையாக நீக்கி, மரத்தை நின்ற நிலையிலேயே பட்டுப்போகச் செய்ய வேண்டும். விரல் அகலத்திற்குப் பட்டை எஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். இளங்கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். விஷுப் பண்டிகைக்குரிய சரக்கொன்றையும் மஞ்சளாகவே பூப்பதால், அடையாளம் காணும் பயிற்சியும் இன்றியமையாதது. சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். அந்நியக் கொன்றையின் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்.

உண்ணிச்செடிக்கு வேறு முறை. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு தலைமையிலான குழு உருவாக்கிய வழிமுறைப்படி, தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் அது மீண்டும் வேர்விடாது. பறவைகள் எச்சமிடும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளை அடுத்த ஆண்டுகளிலும் களைய வேண்டும்.

சிக்கல் தொடங்குவது கூலிக் கணக்கில்தான். அகற்றிய மரத்தின் எடைக்கு ஏற்பப் பணம் கணக்கிடப்பட்டால், பெரிய மரங்களே வெட்டப்படும். கன்றுகளைச் சீண்ட ஆளிருக்காது. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் இயங்கும் கேரளக் காகித உற்பத்தி நிறுவனத்துக்கு மஞ்சள் கொன்றை மரங்களை டன்னுக்கு 350 ரூபாய் விலையில் எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தபோது, மறுதுளிர்ப்பைத் தடுக்கும் திட்டம் எங்கே என்று சூழலியலாளர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி அது. தமிழ்நாட்டிலும் முதுமலைப் பகுதியில் இம்மரங்களை அகற்றும் பணியில் அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல். ஈடுபடுத்தப்பட்டது.

சட்டமும் ஒரு வரம்பு வகுக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து அகற்றப்படும் வனப்பொருளைச் சுற்றுவட்டார மக்களின் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒப்பந்தம் எழுதுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இத்துறையில் நீண்ட அனுபவம் தென்னாப்பிரிக்காவுக்கு உண்டு. அங்கு 1995இல் தொடங்கிய 'நீருக்காக உழைப்போம்' திட்டம், வேலையற்றோரைச் சிறு ஒப்பந்தக் குழுக்களாக்கி, கருவிகளைக் கையாளுதல், களைக்கொல்லிப் பாதுகாப்பு, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி அளித்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் வேலை பெற்றதாகவும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்றும் அத்திட்டம் கூறுகிறது. ஒருமுறை களைந்த நிலத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்பி வருவதும் அதன் பணிமுறையில் அடங்கும்.

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காட்டை அறிந்த கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளை வேகவைத்துப் பட்டை நீக்கி, முழு அளவு யானை உருவங்களை உருவாக்குகின்றனர். அந்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களிலும், 2024 முதல் அமெரிக்க நகரங்களிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.