வேட்டை இன்பமும் சக்கிமுக்கித் துப்பாக்கியும்

மதுரையில் வையையாற்றின் வடகரையில் அமைந்த கோரிப்பாளையத்தின் பெயரில் ‘பாளையம்’ என்னும் படைச்சொல் நிலைத்துள்ளது. படை தங்கும் இடத்தைக் குறித்த அச்சொல், நாயக்கர் காலத்தில் ஆட்சிப் பிரிவுக்கும் பெயராயிற்று. பாளையக்காரர் காலத்து வேட்டையில் துப்பாக்கி பெற்ற இடத்தையும், அது தந்த இன்பத்தின் இயல்பையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

துப்பாக்கி, சக்கிமுக்கி என்னும் சொற்கள் துருக்கிய மூலமுடையன என்பர். ஆயின் கருவியின் உறுப்புக்கள் சிலவற்றுக்குத் தமிழ்ப்பெயர்களே அமைந்தன. கல்லைக் கவ்வி நிற்பது குதிரை. நெருப்புப் புகும் துளை பற்றுவாய். விசையை இழுத்தவுடன் குதிரை பாய, கல் எஃகுத் தகட்டில் உராயும். எழுந்த பொறி வெளிக்கிண்ணத்து மருந்தைப் பற்றும். அத்தீ பற்றுவாய் வழியே குழலுட் சென்று குண்டைச் செலுத்தும். இதற்குமுன் வழங்கிய திரித் துப்பாக்கியில், எரியும் திரியின் ஒளியும் நாற்றமும் விலங்கை எச்சரிக்கும். சக்கிமுக்கியில் அக்குறை இல்லை. எனினும், விசைக்கும் வெடிக்கும் இடையே சிறு காலத்தாழ்வு உண்டு. அதுவரை குறி அசைதல் ஆகாது. மழையில் மருந்து நனையும். ஒருமுறை தவறின், மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் கெட்டிக்குமுன் விலங்கு மறைந்துவிடும். ஆகவே வேட்டுவனின் மகிழ்ச்சி முழுவதும் அந்த ஒரு குறியிலேயே அடங்கியிருந்தது.

இவ்வுணர்வு தமிழர்க்குப் புதியதன்று. வல்வில் ஓரி எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்திய செய்தியைப் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடினார். கருவி மாறினும், ஒரு தொடையின் செம்மையைப் போற்றும் மனம் மாறவில்லை.

மதுரைக்குக் கிழக்கே சிவகங்கைச் சீமையில் இதற்குச் சான்று உண்டு. கும்பினிப் படையதிகாரி வெல்சு 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், வெள்ளை மருது எனப்பட்ட பெரிய மருது ஆட்சிப் பொறுப்பில் தலையிடாது, வேட்டையிலும் துப்பாக்கி சுடுதலிலுமே பொழுதெல்லாம் போக்கினார் என்கிறார். காட்டின் பெருவிலங்குகளை எதிர்த்து நிற்பதே அவருக்குப் பேரின்பம் என்றும் கூறுகிறார். தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்பித்தவர் சின்ன மருது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அதே வெல்சு 1801ஆம் ஆண்டுப் போரில் மருதிருவர்க்கு எதிராகப் போரிட்டவர். தம் ஆசானைக் காட்டு விலங்கைப் போல் துரத்த நேர்ந்ததை அவரே வருந்தி எழுதுகிறார். தொடை முறிந்து சிறைப்பட்ட சின்ன மருதும், அவர் தமையனாரும் அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வேட்டுவரே வேட்டைப் பொருளாயினர்.

அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு பிறப்பித்த அறிக்கை, பாளையக்காரரும் மக்களும் படைக்கலம் தாங்குவதைத் தடுத்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமச்சீட்டு முறையை நாடெங்கும் நிறுவியது. வேட்டைத் திறனும் போர்த்திறனும் ஒரே பயிற்சியின் இரு பயன்கள். ஒன்றனை அஞ்சிய ஆட்சி மற்றொன்றனையும் ஒடுக்கியது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கம் வேறு. அது விலங்கைக் காக்க எழுந்தது. இவ்விரு தடைகளையும் ஒன்றெனக் கொள்ளுதல் வரலாற்றுப் பிழையாகும்.

இன்று அவ்வேட்டை இல்லை. குதிரை, பற்றுவாய் முதலிய சொற்களேனும் பொருள் விளங்க அகராதிகளில் நிலைபெறுமாறு செய்தல் தமிழாய்வாளர் கடனாகும்.