அத்தையின் பயம் போக்கிய காடு!

கடலூரில் குடியிருந்தும் நாங்கள் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் போய் வருஷக்கணக்காகிவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர் என் மாமியார். "பிள்ளைங்களைத் தண்ணிப் பக்கம் கூட்டிட்டுப் போகாதே" என்பார்.

பொங்கல் லீவில் சிதம்பரம் நடராஜரைத் தரிசித்த கையோடு, "பக்கத்துலதான் அத்தை" என்று நைசாகப் பேசி பிச்சாவரம் அழைத்துப் போனேன். படகில் ஏறும்போது அவர் பிடித்த பிடியில் என் வளையல் அழுந்தி கை சிவந்துவிட்டது!

இருபுறமும் சுரபுன்னை மரங்கள், சேற்றில் கால் ஊன்றிய வேர்கள். துடுப்புப் போட்டவர், "சுனாமி அன்னிக்கு இந்தக் காடுதாம்மா பின்னால இருந்த ஊருங்களுக்குக் காவல். இதுல மோதித்தான் அலை வேகம் அடங்கிச்சு" என்றார். அத்தையின் பிடி தளர்ந்தது. ஒரு கிளையைத் தொடப் போனவரை, "அது தில்லை மரம்மா, பால் கண்ணுல பட்டா ஆபத்து" என்று தடுத்தார். உடனே அத்தை, "சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான்" என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்!

போக நினைக்கும் தோழிகளே, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம். பிஸ்கட் கவரைத் தண்ணீரில் வீசாமல் பையிலேயே திருப்பி எடுத்து வாருங்கள். ஊரைக் காத்த காட்டுக்கு நம்மால் ஆன நன்றி அதுதான்.

வீடு திரும்பியதும் அத்தை கேட்டார்: "மாசி மகத்துக்கு சாமியெல்லாம் தேவனாம்பட்டினம் வருமே, நாமளும் போவோமா?"

– ஒரு வாசகி, கடலூர்.