இறங்கி வந்தபின் எழுதிய இராமகதை

பணி ஓய்வுக்குப் பின் பாரூர்ப் பெரிய ஏரிக்கரையில் மாலை நேரம் நடப்பது என் வழக்கம். நந்தி மலையில் தோன்றி ஒசூர் வழியாக வரும் தென்பெண்ணையின் நீரே இந்த ஏரியை நிறைக்கிறது. ஏரி பள்ளத்தில் இருப்பதால்தான் அந்த நீர் அதில் தங்குகிறது. மேட்டில் எவ்வளவு மழை பெய்தாலும் நிற்பதில்லை. சிறுவயது முதல் பார்த்துவந்த இந்த எளிய உண்மை, அறுபது வயதுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஓய்வு பெற்ற ஆண்டின் நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்று அளிப்பதற்காக, ஒரு காலத்தில் நான் மேலாளராக இருந்த வங்கிக் கிளைக்குச் சென்றேன். “வரிசையில் நில்லுங்கள் ஐயா” என்றார் ஓர் இளம் ஊழியர். அவர் மீது பிழை ஏதுமில்லை. என்னை அவர் அறியார். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எத்தனையோ முதியவர்களிடம் அதே சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தவன், ‘நான்’ என்பதை விட்டு எழவில்லை.

அந்த மனக்கசப்போடு இருந்த நாட்களில்தான் ஒசூரை அடுத்த தொரப்பள்ளிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. மூதறிஞர் இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த எளிய வீடு இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. அவருடைய அரசியலை ஏற்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் இங்கே சொல்ல விழைவது அரசியலை அன்று. துன்ப காலங்களை அவர் கடந்து வந்த முறையை.

நாற்பது வயது நிறையும் முன்பே அவர் மனைவியை இழந்தார். ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. சேலத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர் தொழிலை நாட்டுக்காகத் துறந்தார், சிறை சென்றார். மகள் நாமகிரியும் இளமையிலேயே கணவரை இழந்து தந்தையிடம் திரும்பி வந்தார். 1942-இல் கருத்து வேறுபாட்டால் காங்கிரசிலிருந்து விலகித் தனித்து நின்றபோது, போற்றியவர்களே ஏசினார்கள்.

1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவி அவரைத் தேடி வந்தது. அதற்கு மேல் ஏறுவதற்குப் படி இல்லை. 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானதும் அப்பதவியே மறைந்தது. அதே ஆண்டில் அவர் மத்திய அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சராகச் சேர்ந்தார். பின்னர் உள்துறை அமைச்சர். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சர். நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர், ஒரு மாநிலத்தின் பொறுப்பை ஏற்கக் கூசவில்லை. கிளை மேலாளராக இருந்த நான் வரிசையில் நிற்கக் கூசினேன்!

1954-இல், அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பினிடையே அவர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அப்போது வயது எழுபத்தைந்து. நம்மில் பலர் அந்த வயதில் பழைய கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். அவரோ அவ்வாண்டிலேயே ‘கல்கி’ வார இதழில் இராமகதையை எழுதத் தொடங்கினார். குழந்தைக்குக் கதை சொல்லும் பாட்டியின் எளிய நடையில் வாரந்தோறும் எழுதினார். அதுவே ‘சக்கரவர்த்தித் திருமகன்’. 1958-இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

விருதைவிட என் நெஞ்சைத் தொட்டது, கதையை முடிக்கும்போது அவர் தம் மனநிலையைச் சொன்ன இடம். உயர்ந்த பதவியை விட்டு இறங்கியபோது அவருக்கு வெறுமை தோன்றவில்லையாம். இராமனின் கதை முடிந்துபோனபோதுதான், தெய்வம் நீங்கிய கோயில் போல மனம் வெறுமையாயிற்றாம். முடிசூட்டு விழாச் செய்தி கேட்டபோதும் வனவாசச் செய்தி கேட்டபோதும் முகம் மாறாத இராமனோடு வாரந்தோறும் வாழ்ந்தவர் அல்லவா! ‘குறை ஒன்றும் இல்லை’ என்ற பாடலை இயற்றியவரும் அவரே. எம்.எஸ். அம்மையாரின் குரலில் அதை நாம் கேட்டு உருகுகிறோம். குறைகளை இவ்வளவு கண்டவர் அப்படிப் பாடினார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பணிவு என்பது நம்மைத் தாழ்த்திப் பேசுவது அன்று. பதவியும் பெயரும் நம்மிடம் சில காலம் ஒப்படைக்கப்பட்டவை என உணர்ந்து, கேட்கும்போது முகம் சுளிக்காமல் திருப்பித் தருவதே பணிவு. கை காலியான பிறகுதான் வேறொன்றைப் பெற முடியும். பேரக்குழந்தையிடம் கைப்பேசியை இயக்கக் கற்றுக்கொள்வதும், மருமகளின் சமையலறையில் ஆணையிடாமல் காய் நறுக்கித் தருவதும் அத்தகைய பேறுகளே. கோயிலில் முதல் மரியாதை பெற்று வந்தவர்கள், கூட்டத்தின் பின்னால் நிற்க நேர்ந்தால் வருந்த வேண்டாம். தீபாராதனை அங்கிருந்தும் தெரியும்.

அடுத்த நவம்பரில் மீண்டும் அதே கிளைக்குச் சென்றேன். எனக்குப் பின்னால் கண்பார்வை மங்கிய ஒரு மூதாட்டி, படிவத்தை வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். வாங்கி நிரப்பிக் கொடுத்து, எனக்கு முன்னால் நிற்கச் செய்தேன். “நல்லா இருப்பா” என்றார். முப்பது ஆண்டுக்கும் மேலாக வங்கியில் எத்தனையோ படிவங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். அப்படி ஒரு வாழ்த்து அன்றுதான் கிடைத்தது.