காகிதத்துக்கு நாம் கொடுக்கும் விலை

சௌரஸ்தா சந்தையில் மீன் வாங்கும் இல்லத்தரசிக்கு யாரும் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கடையில் கிலோ என்ன விலை, அந்தக் கடையில் என்ன விலை என்று பார்த்த பிறகே பையைத் திறக்கிறார். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை நிலைபெறும் முன்பு, ஏறத்தாழ 600 கிராம் கொண்ட கட்டிக் கணக்கில் வாங்கிய நாளிலும், ‘கட்டி என்ன விலை’ என்றுதான் நாம் கேட்டோம்.

அதே நாம் பேரங்காடியில் டிஷ்யூ தாள்களின் முன் நிற்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பொட்டலத்தின் பருமனைப் பார்க்கிறோம், சுருள்களை எண்ணுகிறோம். ஆனால் சுருள் என்பது ஓர் அளவே அன்று. தளர்வாகச் சுற்றினால் குறைந்த தாளும் பெரிய சுருளாகத் தோன்றும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் 10 சுருள், சுருளுக்கு 200 தாள், விலை 12 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலிருக்கும் பொட்டலத்தில் 12 சுருள், சுருளுக்கு 150 தாள், விலை 11 வெள்ளி 70 காசு. சுருளும் அதிகம், விலையும் குறைவு. கை தானாக இரண்டாவதை நோக்கிப் போகும். கணக்கிட்டால், முதலாவதில் 2,000 தாள். நூறு தாளுக்கு 60 காசு. இரண்டாவதில் 1,800 தாள்தான். நூறு தாளுக்கு 65 காசு. மலிவாகத் தோன்றியதே விலை கூடியது.

இவ்வாறு ஒப்பிடும்போது அடுக்கைக் கவனிக்க வேண்டும். ஈரடுக்குத் தாளை ஈரடுக்கோடும், மூவடுக்கை மூவடுக்கோடுமே ஒப்பிடலாம். பெட்டியில் வரும் முகத்தாளில் எழுதியிருக்கும் எண்ணிக்கை, நாம் இழுத்தெடுக்கும் தாள்களைக் குறிக்கிறதா, பிரித்தெண்ணிய அடுக்குகளைக் குறிக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. பின்னதானால் ஈரடுக்கில் பாதிதான் கிடைக்கும். தாளின் நீளமும் சும்மா அச்சிடப்படுவதில்லை. அகலம் ஒன்றாக இருந்தால், 11 சென்டிமீட்டர் நீளமுள்ள 100 தாள், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள 110 தாளுக்குச் சமம். நிகர எடை போட்டிருந்தால் இன்னும் எளிது: விலையை எடையால் வகுத்துவிடலாம்.

இந்த வகுத்தல் வேலையைக் கடைக்காரரிடமே ஒப்படைத்த நாடுகள் உண்டு. ஐரோப்பிய நாடுகள் 1998ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி அலகு விலையைக் காட்டச் செய்தன; ஆஸ்திரேலியாவின் பெரிய மளிகைக் கடைகளுக்கு 2009இல் இதற்கான விதி வந்தது. இந்தியாவும் 2021இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி இதைச் சேர்த்தது. விலைச்சீட்டில் அது இல்லாத இடத்தில் கைத்தொலைபேசியின் கணிப்பானே நமக்குத் துணை. எஸ். எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும் வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், பார்த்து வாங்கும் பழக்கத்தைப் பல்லாண்டுகள் வலியுறுத்தி வந்ததை இங்குள்ளோர் அறிவர்.

மாதம் 2,000 தாள் செலவாகும் வீட்டுக்கு மேற்சொன்ன கணக்கில் மிச்சமாவது ஒரு வெள்ளி. பெரிய தொகை அன்றுதான். ஆயினும் சமையலறைச் சுருள், கைத்துடைப்புத் தாள், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் இதே இழப்பு நேர்கிறது. நாட்கூலியில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இது இன்னும் கடினம். பெரிய பொட்டலத்துக்குக் கொடுக்கக் கையில் ஒரே சமயம் பணம் இராது. சிறியதை வாங்கி, தாளுக்குத் தாள் கூடுதலாகக் கொடுக்க நேர்கிறது. அண்டை வீட்டார் இருவர் சேர்ந்து பெரிய பொட்டலம் ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வது இதற்கு ஒரு வழி. அடுக்குமாடி வீட்டில் இடநெருக்கடியும் உண்டு. நம் தீவின் ஈரக்காற்றில் காகிதத்தை மாதக்கணக்கில் அடுக்கிவைப்பதும் உகந்ததன்று.

நோட்டுப் புத்தகங்களைப் பக்கக் கணக்கில் பாருங்கள். 80 பக்க நோட்டு ஐந்து 6 வெள்ளி என்றால் பக்கத்துக்கு ஒன்றரைக் காசு. 60 பக்க நோட்டு ஆறு 5 வெள்ளி 76 காசுக்குக் கிடைத்தாலும் பக்கத்துக்கு 1.6 காசு ஆகிறது. ஆனால் எந்த நோட்டு வேண்டுமென்று ஆசிரியரைக் கேட்ட பிறகே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். கோடு போட்டது தேவைப்படும் பிள்ளைக்குக் கட்டம் போட்ட நோட்டு என்ன மலிவானாலும் பயன்படாது.